எபினேசர் மாஸ்டர் தர வேண்டிய மன்னிப்பு

முதலில் அநியாயம் செய்தவர் எபினேசர் மாஸ்டர்தான். இதில் மாற்றுப் பேச்சுக்கே இடமில்லை. அற்புதராஜ் அன்றைக்கு வாயைத் திறந்தது உண்மை. ஆனால் பாடவில்லை. கொட்டாவி விட்டார். நைட் ஷிப்ட் முடித்து, பகலில் தண்ணீர் பிடித்து, தூங்காமல் வந்து நிற்கிற மனுஷன் கொட்டாவி விடாமல் வேறு என்ன விடுவான்?

நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயம். அப்போது ஓசூர் இப்படி இல்லை. டிசம்பர் பிறந்தால் மத்திகிரி மாட்டுப் பண்ணைப் பக்கம், எதிரே வருவது மாடா மனுஷனா என்று கிட்டே வந்து இருமினால்தான் தெரியும். அவ்வளவு பனி. பெங்களூர் ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கலாம். இப்போது கண்ணைத் திறந்துகொண்டும் கடக்க முடியாது. சிப்காட்டில் சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் ஏறும். அந்தச் சைக்கிள்களில் ஒன்று அற்புதராஜுடையது. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. வேலை முடிந்தால் நேரே ஆலயம். பாடகர் குழுவில் கடைசி வரிசை, கட்டைக் குரல்காரர்கள் பக்கம்.

குழுவை நடத்திய எபினேசர் மாஸ்டர் அந்த வருஷம் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அதில் ஒரு இடம். "பூமியிலே அமைதி" என்று எல்லோரும் உரக்கப் பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்த வேண்டும். மாஸ்டர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சுச் சத்தம் கூட வரக் கூடாது. கை கீழே இறங்கினால்தான் "வந்ததே" என்று எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும்.

ஆலயம் நிறைந்த கூட்டம். மாஸ்டரின் கை மேலே நிற்கிறது. அமைதி. அந்த அமைதிக்கு நடுவில் ஒரே ஒரு குரல், கரகரவென்று, "வந்ததே" என்றது.

கூட்டம் சிரித்தது. போதகர் ஐயாவே அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டர் வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினார். திறந்திருந்த வாய் ஒன்றே ஒன்று.

"மாஸ்டர், அது கொட்டாவிங்க."

"கொட்டாவி 'வந்ததே'ன்னு வராதுப்பா. நாளையிலேர்ந்து நீயும் வராதே."

அவ்வளவுதான். பாடகர் குழுவுக்கும் அற்புதராஜுக்கும் இருந்த உறவு அன்றோடு அறுந்தது. போனது அது மட்டுமா? மறுநாள் ஷிப்டுக்குள் நுழைந்ததும் பக்கத்து மெஷின் சென்னப்பன், "வந்ததே" என்றான். வந்தாரே என்று கூட இல்லை. வந்ததே. கன்றுக்குட்டியைச் சொல்வது போல. ரிட்டையர் ஆகும் நாள் வரைக்கும் அதுவே அவர் பெயர். பிரிவு உபசாரத்தில் ஒரு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனதே" என்றான்.

அந்தக் கெட்ட மாலையில் ஒரே ஒரு நல்ல விஷயம் நடந்தது. ஆலயத்துக்கு வெளியே, சைக்கிள்களுக்கு நடுவில், அற்புதராஜ் தனியாக நின்றிருந்தார். முன்வரிசையில் பாடுகிற ஃபெபா என்ற பெண் வந்தாள். நாட்றாம்பாளையத்துப் பெண். சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மப்ளர். தலையைக் குனிந்துகொண்டு, உடைந்துபோன குரலில் சொன்னாள்.

"நீங்க இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

ஊரே பழி சொல்லும்போது ஒருத்தி நம்புகிறாள். அதுவும் குரல் உடைந்து போகிற அளவுக்கு வருத்தப்பட்டு நம்புகிறாள். அடுத்த தை மாதம் அற்புதராஜ் பெண் கேட்டுப் போனார். நாட்றாம்பாளையத்துக்கு அஞ்செட்டி வழியாகப் போகும் பஸ்ஸில், திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி எடுத்துக்கொண்டே போனார். அவ்வளவு ஆசை.

கல்யாணமாகி ஃபெபா பாடகர் குழுவில் தொடர்ந்தாள். அற்புதராஜ் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டார். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கை வெட்டும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை.

"எபினேசர் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி."

"ஹோகலி பிடிங்க," என்பாள் ஃபெபா. போகட்டும் விடுங்கள் என்பதை ஓசூரில் பாதிப்பேர் கன்னடத்தில்தான் சொல்வார்கள். "கேக்கை வெட்டுங்க. மன்னிப்பைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வெட்டாதீங்க."

இப்போது ஆலயத்துக்குப் பொன்விழா வந்தது. எபினேசர் மாஸ்டர் மைசூரில் மகன் வீட்டோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கையில் தடி. காது மந்தம். அவரைக் காரில் அழைத்து வருகிறார்கள், பழைய பாட்டையே பாடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அற்புதராஜ் கணக்குப் போட்டார். மாஸ்டர் இன்னொரு முறை ஓசூருக்கு வருவார் என்று சொல்ல முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் மன்னிப்பு மைசூரிலேயே மண்ணுக்குள் போய்விடும்.

அவரிடம் ஆதாரம் இருந்தது. அன்றைக்கு மைக் செட் போட்ட ரசூல் பாய் முழு நிகழ்ச்சியையும் கேசட்டில் பதிந்திருந்தார். போன மாதம் கடையைக் காலி செய்தபோது அந்தக் கேசட்டையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் அற்புதராஜுக்கே கொடுத்துவிட்டார். வீட்டில் மகள் ரெனிட்டா இருக்கிறாள். மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள். மோட்டாரில் கெட்டதைக் கண்டுபிடிக்கிறவளுக்குக் குழுவில் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாதா?

"முடியும்ப்பா. பைத்தான்ல போட்டுப் பார்க்கலாம்."

ஃபெபா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"பைத்தான்னா?"

"மலைப்பாம்பும்மா. கம்ப்யூட்டருக்கு நாம சொல்றதை எழுதற மொழி. அதுக்கு அப்படிப் பேரு."

"எங்க ஊர்க் காட்டுல மலைப்பாம்பு ஆட்டை முழுங்கும். முழுங்கிட்டுப் பேசாமப் படுத்துக்கும். அதுபாட்டுக்கு அது, நாமபாட்டுக்கு நாம. இது என்ன பண்ணும்?"

"இது சத்தத்தை முழுங்கும். அப்புறம் இது யாரோடது, அது யாரோடதுன்னு பிரிச்சுக் கக்கும்."

"அந்தப் பாம்பே தேவலை," என்றாள் ஃபெபா.

சனிக்கிழமை காலை. ரெனிட்டா டேப் ரெக்கார்டரையும் லேப்டாப்பையும் ஒரு ஒயரால் கட்டினாள். கேசட் சுற்ற ஆரம்பித்தது. முதலில் இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பெஞ்சை இழுத்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. அந்தக் குழந்தைக்கு இப்போது சூளகிரியில் இரண்டு குழந்தைகள். ரசூல் பாய் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்றார். அந்த ஹலோவில் இளமை இருந்தது.

"அப்பா, டேப் மெதுவா ஓடுது," என்றாள் ரெனிட்டா.

"எப்படித் தெரியும்?"

"பின்னாடி 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் கேக்குது பாருங்க. அது ரசூல் மாமாவோட ஆம்ப்ளிஃபயர். நம்ம கரண்டு செகண்டுக்கு அம்பது தடவை ஆடும். அப்போ அந்த 'ம்ம்ம்'மும் அம்பதுல இருக்கணும். இதுல நாற்பத்தேழுல இருக்கு."

"கர்நாடகா கரண்டா இருந்திருக்கும்."

"டேப்தான்ப்பா மெதுவா சுத்துது. 'ம்ம்ம்'மை அம்பதுக்கு இழுத்து வச்சா, எல்லாக் குரலும் அன்னைக்கு இருந்த இடத்துக்கு வந்துடும்."

நாலு வரி எழுதினாள். ஒரு பட்டனைத் தட்டினாள். முப்பது வருஷத்துக்கு மேல் சோம்பலாகக் கிடந்த குழு நிமிர்ந்து நின்று பாடியது. "பூமியிலே அமைதி." அமைதி. கரகரவென்று ஒரு "வந்ததே". பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அற்புதராஜின் காதைச் சுட்டது.

"இப்ப நீங்க 'வந்ததே'ன்னு பாடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்."

அற்புதராஜ் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பாடினார். லேப்டாப்பில் அவர் குரல் ஒரு கோடாக வந்தது. கோடு என்றால் நேராக இருக்க வேண்டும். இது ஏறி, இறங்கி, வளைந்து, ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

ஃபெபா எட்டிப் பார்த்தாள். "எங்க ஊருக்குப் போற ரோடு மாதிரி இருக்குது."

"நீ சும்மா இரு. ரெனிட்டா, கேசட்ல இருக்கறது நானா?"

"சத்தியமா நீங்க இல்லைப்பா. அதுல இருக்கறவங்க முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்களே தவிர, சுருதியில பாடறாங்க."

அற்புதராஜுக்குப் பாதி நெஞ்சு குளிர்ந்தது. மீதிப் பாதியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"அப்போ யாருன்னு சொல்லு."

"அதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் ஃபெபா. "நீங்க இல்லைன்னு தெரிஞ்சிடுச்சு இல்ல. பாம்புக்கும் பசி அடங்கியிருக்கும். சாப்பிட வாங்க."

"ஆள் தெரியாம மாஸ்டர் நம்ப மாட்டார்."

ரெனிட்டாவுக்கு வேலை சூடு பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி வரைந்தாள். அதுதான் ஆலயம். அதற்குள் புள்ளி புள்ளியாக வைத்தாள். அவர்கள்தான் பாடகர்கள். ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, மைக்.

"ஒருத்தர் பாடினா சத்தம் மைக்குக்கு நேராவும் வரும், சுவத்துல பட்டுத் திரும்பியும் வரும். நிக்கிற இடத்தைப் பொறுத்து ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி மாறும். ஒவ்வொரு இடமா வச்சுப் பார்க்கலாம். எங்க வச்சா கேசட்ல இருக்கற மாதிரியே கேக்குதோ, ஆள் அங்கதான் நின்னிருக்கணும்."

"முதல்ல என்னை எடுத்துட்டுப் பாரு."

ரெனிட்டா கடைசி வரிசையில் ஒரு புள்ளியை நீக்கினாள். அந்த இடத்தில் அவர் குரலைக் கொடுத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டினாள். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "ஐயோ, எவ்வளவு நல்லாருக்கு," என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு, "அதாவது, சுத்தமா இருக்குது," என்றாள்.

புள்ளி நகர்ந்தது. கடைசி வரிசை வலது, பொருந்தவில்லை. நடு வரிசை, பொருந்தவில்லை. ரெனிட்டா ஒவ்வொரு முறையும் "இங்க வச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துப் பார்த்தாள். ஃபெபா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள்.

"ஏன் கண்ணு, ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரல் எல்லாம் அதுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்மா. இது பொம்பளைக் குரல். சளி பிடிச்சுக் கட்டிப் போயிருக்கு. அதான் ஆம்பளை மாதிரி கேட்டிருக்கு."

"சளியெல்லாம் கூடவா தெரியுது," என்றாள் ஃபெபா. எரியாத அடுப்பைப் போய் அணைத்தாள்.

கடைசியில் புள்ளி முன்வரிசைக்கு வந்தது. இடது ஓரம். ஜன்னல் பக்கம். ரெனிட்டா ஓட்டினாள். கம்ப்யூட்டரின் "வந்ததே"யும் கேசட்டின் "வந்ததே"யும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன.

"கிட்டத்தட்ட இங்கதான்ப்பா. முன்வரிசை, ஜன்னல் பக்கம். அங்க யாரு நின்னாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்குமா?"

அற்புதராஜுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருஷம் பயிற்சி நடந்த நாளெல்லாம் அவர் மாஸ்டரின் கையைப் பார்த்ததை விட அந்த ஜன்னல் பக்கத்தைத்தான் அதிகமாகப் பார்த்தார். சாயங்கால வெளிச்சம் அங்கேதான் விழும். வெளிச்சத்தில் மப்ளர் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். அவள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள். கேசட்டில் கேட்ட கரகரப்பும், சைக்கிள்களுக்கு நடுவில் கேட்ட உடைந்த குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. அது வருத்தம் இல்லை. சளி.

"ஃபெபா."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஃபெபா, 'நீங்க இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்'னு சொன்னியே."

"தெரிஞ்சதைத்தானே சொன்னேன்," என்று குரல் மட்டும் வந்தது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"அன்னைக்குச் சொல்லியிருந்தா எங்கப்பா டைப்ரைட்டிங்கை நிறுத்தி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. அப்புறம் நீங்க பொண்ணு கேட்டு வந்துட்டீங்க. அந்த நேரத்துல சொன்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் ரெனிட்டா பிறந்துட்டா. வேலை சரியாப் போச்சு."

"மாஸ்டர் கை மேலே நிக்கும்போது எப்படி நீ பாடலாம்?"

ஃபெபா வெளியே வந்தாள். கரண்டியோடு வந்தாள்.

"நான் மாஸ்டர் கையை எங்க பார்த்தேன்? உங்களைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க வாயைத் திறந்தீங்க. சரி, ஆரம்பிச்சிட்டாங்கன்னு நானும் பாடிட்டேன். பாட்டுப் பாடற இடத்துல வந்து கொட்டாவி விட்டா நான் என்ன பண்றது? இப்பச் சொல்லுங்க, தப்பு யாரோடது?"

ரெனிட்டா லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, "எனக்கு வேற வேலை இருக்கு," என்று எழுந்து போனாள்.

அற்புதராஜ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண், பாடுகிற பாட்டை விட்டுவிட்டுத் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஜன்னல், அந்த வெளிச்சம், அந்த மப்ளர். கோபம் வருகிற வழியில் எல்லாம் குறுக்கே வந்து நின்றன.

இருந்தாலும் மன்னிப்பு மன்னிப்புதான். அதை விட முடியுமா?

"நாளைக்கு நீ சாட்சி சொல்லணும். மாஸ்டர் முன்னாடி, எல்லார் முன்னாடியும். பாடினது நீ, நான் இல்லைன்னு. ஒரு வார்த்தை பொய் இருக்கக் கூடாது."

"சாட்சிதானே? சொல்றேன்," என்றாள் ஃபெபா. "பொய் எதுக்குச் சொல்லப் போறேன்?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் மனதில் இருந்தது கோர்ட்டில் சொல்கிற சாட்சி. ஆலயத்தில் சாட்சி என்பது வேறு. அங்கே சாட்சி சொல்கிறவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. சொல்லி முடித்ததும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். அதோடு வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அற்புதராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். எபினேசர் மாஸ்டர் நாற்காலியில், தடியின் மேல் கையை வைத்துக்கொண்டு. சாட்சி சொல்கிற நேரம் வந்தது. ஃபெபா மைக்கைப் பிடித்தாள்.

"தொண்ணூற்றொண்ணுல மாஸ்டர் பாட்டுல முந்திரிக்கொட்டை மாதிரி 'வந்ததே'ன்னு பாடினது நான்தாங்க. என் வீட்டுக்காரர் இல்லைங்க."

சபை திகைத்தது. அற்புதராஜ் நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"அந்தப் பழியை அவர் தலையில போட்டாங்க. இத்தனை வருஷமா அவர் வாயால ஒரு தடவை கூட என் பேரைச் சொன்னதில்லைங்க. பட்டப்பேரு வச்சாங்க, சிரிச்சாங்க. அப்பவும் என்னைக் காட்டிக் கொடுக்கலைங்க. இந்த மாதிரி ஒரு புருஷன் கிடைச்சதுக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு வார்த்தையைக் கூட அற்புதராஜால் மறுக்க முடியாது. சபை "ஸ்தோத்திரம்" என்றது. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். 'எனக்குத் தெரியாததால்தான் சொல்லவில்லை' என்று எழுந்து சொல்ல அற்புதராஜ் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் போதகர் ஐயா ஒரு பொன்னாடையைக் கழுத்தில் போட்டு, அதே அழுத்தத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்.

எபினேசர் மாஸ்டர் தடியை ஊன்றி எழுந்தார். மெதுவாக நடந்து வந்தார். அற்புதராஜ் காத்திருந்தார். இதோ வருகிறது. மைசூரிலிருந்து வருகிறது.

மாஸ்டர் அவர் கையைப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது.

"அற்புதராஜ், பெரிய மனசுப்பா உனக்கு. ஆனா எனக்கு ஒரு வருத்தம்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"உண்மை தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சுட்டியே. ஒரு நல்ல மனுஷனைத் தப்பா பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன், இத்தனை வருஷமா. அந்தப் பாவத்துல என்னை விட்டுட்டியே. இது நியாயமாப்பா?"

சபை அற்புதராஜைப் பார்த்தது. மாஸ்டரின் கை பிடியை விடவில்லை. வயசானவர். அழுகிறார். ஃபெபா பாடகர் வரிசையிலிருந்து பார்த்தாள். போதகர் ஐயா மைக்கை அற்புதராஜின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். என்ன செய்வார் மனுஷன்?

"மன்னிச்சிருங்க மாஸ்டர்," என்றார்.

"மன்னிச்சுட்டேன்ப்பா," என்றார் மாஸ்டர்.

பாட்டுப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். மதியம் பிரியாணி போட்டார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அற்புதராஜுக்கு இறங்கவில்லை. மாஸ்டரின் கார் பெங்களூர் ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் ஆலய வாசலில் நின்றார். டவுன் பஸ்ஸில் ஃபெபா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"ஏங்க, ஏன் உர்ருன்னு வரீங்க?"

"எனக்கு வரவேண்டியது வரலை."

"என்ன வரலை?"

"மன்னிப்பு. எபினேசர் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி."

"இன்னும் என்னங்க பாக்கி?" என்றாள் ஃபெபா. "நீங்க கேட்டீங்க, அவர் கொடுத்துட்டார்."